குச்சியின் நிழலைக் கொண்டு ஊரின் அட்சரேகையை அளப்பது எப்படி?

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, அளவுநாடா, மேகமில்லாத நண்பகல் ஆகியவை இருந்தால், உங்கள் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டறியலாம். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் சம பகலிரவு நாள்கள், அதாவது மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டிய நாள்கள், இதற்கு மிக எளியவை. சென்னையில் அளப்பதாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த தரையில் குச்சியை நட்டு, அது செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டால் இரண்டு பக்கங்களிலிருந்தும் சரிபார்க்க வேண்டும். நம் பழைய வானியலில் இக்குச்சிக்குச் சங்கு என்று பெயர்.

கடிகாரம் 12 காட்டும்போது நண்பகல் ஆகிவிடுவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது. சென்னை ஏறத்தாழ 80.3 பாகையில் இருப்பதாலும், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதாலும், இங்கே சூரியன் உச்சியை அடைய 9 நிமிடம் தாமதமாகும். பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து இந்நேரத்தை மேலும் மாற்றுவதால், மார்ச் சம பகலிரவு நாளில் சென்னையின் நண்பகல் சுமார் 12.16 மணிக்கும், செப்டம்பரில் சுமார் 12.01 மணிக்கும் வரும். எனவே கடிகாரத்தை நம்பாமல், 11.30 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல்நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். குச்சியின் அடியிலிருந்து மிகக் குறைந்த தொலைவில் உள்ள புள்ளியே நண்பகல் நிழல். அன்று அப்புள்ளிகள் அனைத்தும் கிழக்கு மேற்காக ஒரே நேர்க்கோட்டில் விழும் அழகைத் தவறாமல் பாருங்கள்.

சென்னையில் அந்த நிழல் சுமார் 23.2 செ.மீ. இருக்கும். குச்சி, நிழல், நுனியைத் தொட்டு வரும் கதிர் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: நமக்கு வேண்டியது தரையில் உள்ள கோணமன்று, குச்சியின் உச்சியில் உள்ள கோணம். அதற்கு நிழல் எதிர்ப்பக்கம், குச்சி அடுத்துள்ள பக்கம். ஆகவே டேன்ஜென்ட் விகிதம் 23.2 ÷ 100 = 0.232. டேன் மதிப்பு 0.232 ஆகும் கோணத்தைக் கால்குலேட்டரில் தேடினால் 13.1 பாகை கிடைக்கும். அதுவே சென்னையின் அட்சரேகை.

குச்சியின் உச்சியில் உள்ள கோணம் அட்சரேகைக்குச் சமமாவது ஏன்? குச்சியைக் கீழ்நோக்கி நீட்டினால் அது பூமியின் மையத்தை அடையும். சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால், நம் குச்சியைத் தொடும் கதிரும், நிலநடுக்கோட்டில் விழுந்து மையத்தை நோக்கும் கதிரும் இணைகோடுகள் என்றே கொள்ளலாம். நீட்டிய குச்சி அவற்றின் குறுக்குவெட்டி. உச்சியில் உள்ள கோணமும் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ஆகவே சமம். மையத்தில் உள்ள கோணத்தைத்தான் அட்சரேகை என்கிறோம். இப்படத்தை ஒருமுறை கையால் வரைந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சூரியன் புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழல்நுனி மங்கலாகவே தெரியும். அம்மங்கலின் நடுவை அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் ஒரு செ.மீ. பிழைத்தால் விடை அரைப் பாகைக்கு மேல், அதாவது ஏறத்தாழ 60 கி.மீ., விலகிவிடும்.

மற்ற நாள்களில் சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் கோணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பர் 21 அன்று அது 23.4 பாகை தெற்கே இருப்பதால், சென்னையில் அதே குச்சியின் நிழல் 74 செ.மீ. வரை நீளும், அன்று கிடைக்கும் 36.5 பாகையிலிருந்து 23.4 பாகையைக் கழித்தால் அதே 13.1 வரும். ஜூன் 21 அன்று சூரியன் சென்னைக்கு வடக்கே போய்விடுவதால், சுமார் 18 செ.மீ. நிழல் தெற்கு நோக்கி விழும்; அன்றைய 10.3 பாகையை 23.4 பாகையிலிருந்து கழிக்க வேண்டும்.

கன்னியாகுமரியில் உள்ள நண்பர் ஒருவர் சம பகலிரவு நாளில் இதே சோதனையைச் செய்தால் அவருக்குச் சுமார் 14.2 செ.மீ. நிழலும் 8.1 பாகையும் கிடைக்கும். வேறுபாடு 5 பாகை, முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் இடையிலான வடக்கு தெற்குத் தொலைவை மட்டும் அளந்தால் சுமார் 555 கி.மீ. வரும், அதை 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ.