தமிழ் எண்களில் தேதி எழுதுவது எப்படி?

பழைய நிலப் பத்திரங்களிலும் கணக்கு நோட்டுகளிலும் ௵, ௴, ௳ என்று சுழித்துச் சுழித்து எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருடம், மாதம், நாள் என்பவற்றின் குறிகள் அவை. எண்களையும் சேர்த்துப் படித்துக்கொண்டால் அந்தப் பத்திரத்தின் தேதியை நீங்களே வாசித்துவிடலாம், எழுதவும் செய்யலாம்.

முதலில் ஒன்று முதல் ஒன்பது வரை: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. மனப்பாடம் செய்ய ஒரு நல்ல வழி உண்டு: கடுகு, உளுந்து, ஙனைச்சு, சமைச்சு, ருசிச்சு, சாப்பிட்டேன், என, அவன், கூறினான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் அந்தந்த எண்ணின் வடிவத்தை நினைவூட்டும். ஆறு மட்டும் 'சு' போல இருக்கும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மூன்று குறிகள்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்.

இனிதான் முக்கியமான இடம். பழைய முறையில் சுழியம் கிடையாது. ரோமன் எண்ணிலும் கிடையாதுதான். ஆனால் அங்கே முந்நூறு எழுத நூற்றின் குறியை மூன்று முறை போட வேண்டும். தமிழில் எத்தனை நூறு என்பதை முன்னால் எழுதினால் போதும்: ௩௱. வாயால் சொல்கிற வரிசையே எழுதுகிற வரிசை. முந்நூற்று நாற்பத்தேழு என்றால் ௩௱, ௪௰, ௭. சேர்த்தால் ௩௱௪௰௭. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இல்லாத இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். 205 என்பது ௨௱௫. 1008 என்பது ௲௮. பத்து, நூறு, ஆயிரத்துக்கு முன்னால் ௧ போட வேண்டாம். குறளின் எண்ணிக்கை 1330, அதாவது ௲௩௱௩௰. லட்சம் ௱௲, கோடி ௱௱௲.

தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான் பலரைக் குழப்புகின்றன. பேச்சில் 'நூறு', 'ஆயிரம்' என்று காதில் விழுந்தாலும், எழுதும்போது 90 என்பது ௯௰, 900 என்பது ௯௱.

இப்போது தேதி. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், எண்ணுக்கோ பெயருக்கோ பின்னால் குறியைப் போடுங்கள். 1947 ஆகஸ்ட் 15:

௲௯௱௪௰௭௵ ஆகஸ்ட்௴ ௰௫௳

தமிழ் ஆண்டுக்கும் இதே முறைதான். 2025 ஏப்ரல் 14 அன்று பிறந்த புத்தாண்டு: விசுவாவசு௵ சித்திரை௴ ௧௳.

சுழியத்தோடு இடமதிப்பில் எழுதும் புதிய முறையும் இருக்கிறது. அதில் 2026 என்பது ௨௦௨௬. பழைய முறையில் ௨௲௨௰௬. இரண்டும் சரி. ஆனால் ஒரே எண்ணில் இரண்டையும் கலக்கக் கூடாது. ௨௦௨௰௬ என்று எழுதினால் அது எந்த எண்ணும் இல்லை. திருமண அழைப்பிதழிலோ கல்வெட்டிலோ போடுவதாக இருந்தால் பழைய முறையையே தேர்ந்தெடுங்கள். அழகும் அதில்தான், மரபும் அதில்தான்.

கணினியில் தட்டச்சு செய்யும்போது க, உ, எ, அ என்ற எழுத்துகளை எண்ணுக்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் யூனிகோடில் ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றுக்குத் தனி இடம் உண்டு. எழுத்தைப் போட்டால் தேடலில் அந்த எண் அகப்படாது. தமிழ்ச் சுழியம் ௦ யூனிகோடில் சேர்ந்தது 2005இல்தான். அதனால் மிகப் பழைய எழுத்துருக்களில் அது வெறும் கட்டமாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.