முதல் மாடல் கார் கட்டப் போகிறீர்களா? பாடியில் தொடங்குங்கள்

மாடல் கார் டப்பாவைத் திறந்தால் உள்ளே இருக்கும் செய்முறைத் தாள் பெரும்பாலும் இன்ஜினிலோ அடித்தட்டிலோ தொடங்கும். அப்புறம் சக்கரம், சீட், டேஷ்போர்டு. பாடி வருவது கடைசிப் பக்கத்தில்தான். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதே வரிசையில் போய், எல்லாம் முடிந்துவிட்ட வேகத்தில் பாடிக்கு ஒரே சாயங்காலத்தில் பெயின்ட் அடித்துவிடுவார்கள். காய்வதற்குள் தொட்டும் பார்ப்பார்கள். என் முதல் காரின் கூரையில் என் கட்டைவிரல் ரேகை இன்றைக்கும் இருக்கிறது.

அதனால் இந்த விளக்கத்தில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் பாடி. அது காய்கிற நாட்களில் மற்ற வேலைகள். டாங்கியையோ போர் விமானத்தையோ நாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டோம். காரை அப்படிச் சொல்ல முடியாது. தெருவில் தினமும் பார்க்கிறோம். கார் பெயின்ட் எப்படிப் பளபளக்கும் என்று நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பாடியில் பிசகினால் உள்ளே செய்த நல்ல வேலை எதுவும் எடுபடாது.

எந்த கிட்?

கிட் என்றால் பாகம் பாகமாக டப்பாவில் வரும் மாடல். நான் சொல்வது டமியாவின் 1/24 (நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவு) ஃபோக்ஸ்வேகன் 1300 பீட்டில், 1966 மாடல். டமியா 1946-இல் ஜப்பானின் ஷிசுவோகாவில் மர வியாபாரமாகத் தொடங்கி, பிறகு மாடல் பக்கம் வந்த நிறுவனம். பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில் அவர்கள் கிட்டை நம்பலாம். ஹசேகவா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாமும் அதே வட்டாரத்துக்காரர்கள்தான். ஆனால் முதல் கிட்டுக்கு டமியா போதும்.

பீட்டிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து பீட்டிலுக்கு வெள்ளை, நீலம், சிவப்பு என்று சாதா நிறங்களே பொருத்தம். மெட்டாலிக் பெயின்ட் அடிக்கும் தொல்லை இல்லை. உடம்பெல்லாம் வளைவு. கூர்மையான விளிம்பு குறைவாக இருப்பதால் பாலிஷ் போடும்போது பெயின்ட் தேய்ந்து பிளாஸ்டிக் தெரியும் ஆபத்தும் குறைவு. அதோடு, 2003 ஜூலையில் மெக்ஸிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவரும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. எந்த மூலை எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்தாலும் பார்க்கப் படம் கிடைக்கும்.

24-ஆல் பெருக்குங்கள்

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜ பீட்டில் 4.07 மீட்டர் நீளம். 24-ஆல் வகுத்தால் சுமார் 17 சென்டிமீட்டர், ஏறக்குறைய உங்கள் கையளவு. இப்போது அதையே திருப்பிப் போடுங்கள். மாடலில் அரை மில்லிமீட்டர் பிசிறு இருந்தால் நிஜக் காரில் அது 12 மில்லிமீட்டர் புடைப்பு. பெயின்ட் 0.2 மில்லிமீட்டர் தடித்துவிட்டால், நிஜத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசிய மாதிரி. எதைச் செய்யும் முன்னும் 24-ஆல் பெருக்கிப் பாருங்கள். எங்கே மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தானாகத் தெரியும்.

வாங்க வேண்டியவை

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்க சைடு கட்டர், நல்ல ஹாபி கத்தி, மாற்று பிளேடுகள். 400, 800, 1000, 2000 எண் உப்புத்தாள். 800-க்கு மேல் எல்லாம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கை ஒட்ட டமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்ற திரவப் பசை. கண்ணாடிகளுக்கு சாதாரண வெள்ளைப் பசை. மாஸ்கிங் டேப், பல் குச்சி, காது குடையும் பஞ்சு.

பெயின்டில் மட்டும் கவனம். டமியா ஸ்ப்ரேயில் டிஎஸ் என்று தொடங்குவதுதான் கிட் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ் என்று இருப்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் கூட்டுக்கு. மாற்றி வாங்கிவிடாதீர்கள். பீட்டிலுக்கு டிஎஸ்-7 ரேசிங் ஒயிட் எனக்குப் பிடித்த நிறம். சுத்த வெள்ளையாக இல்லாமல் லேசாகப் பால் நிறம் தட்டும். உள்ளே சிவப்பு சீட் வைத்தால் அவ்வளவு அழகு. ஸ்ப்ரே டப்பாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொல்லி வாங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளூரில் இருப்பு வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள்.

படி 1: கழுவு, சுரண்டு, பொருத்திப் பார்

அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

இனி அச்சுக்கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்குப் பிதுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கூரைத் தூண்கள் மேலும் மட்கார்டு வளைவுகள் மேலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டும். தட்டிய இடத்தில் கத்தியின் முதுகை நிமிர்த்திப் பிடித்து, தேங்காய் துருவுவதைவிட மெதுவாக, ஒரே திசையில் சுரண்டுங்கள். பிறகு 800, அதன் பின் 1000. பழைய காரை பெயின்டுக்கு விட்டவர்களுக்குத் தெரியும்: பட்டி பார்த்துத் தேய்க்கிற வேலைக்கே பட்டறையில் பாதி நாள் போகும். இங்கேயும் அதுதான் நிலைமை.

கதவு இடுக்கு, டிக்கி இடுக்கு இவற்றையும் இப்போதே ஆழப்படுத்துங்கள். பெயின்ட் மூன்று நான்கு கோட் விழுந்தால் அந்தக் கோடுகள் தூர்ந்துபோகும். கத்தியின் முதுகு நுனியை ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தில் வைத்து, அழுத்தாமல் மூன்று முறை இழுத்தால் போதும். அழுத்தினால் பிளேடு தடம் மாறிக் கதவின் குறுக்கே ஓடிவிடும்.

கடைசியாக, பாடியையும் அடித்தட்டையும் டேப் போட்டு ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். எங்காவது இடித்தால் இப்போது தேய்த்துச் சரிசெய்யலாம். பெயின்டுக்குப் பிறகு முடியாது.

படி 2: பெயின்ட்

பாடியை ஒரு தண்ணீர் பாட்டில் மேல் கவிழ்த்து, உள்பக்கமாக டேப் போட்டு நிறுத்துங்கள். பாட்டில் கழுத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி அடிக்கலாம், காரைத் தொடவே வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

முதலில் நிறத்துக்கு அடியில் போடும் சாம்பல் நிற பிரைமர், ஒரு மெல்லிய பூச்சு. மறைந்திருந்த கீறலெல்லாம் இதில் அப்பட்டமாகத் தெரியும். தேய்த்துச் சரிசெய்துவிட்டு வெள்ளை பிரைமர். சாம்பல் மேல் நேரடியாக ரேசிங் ஒயிட் அடித்தால் நிறம் ஏறவே ஏறாது. கோட் மேல் கோட் போட்டுத் தடித்துவிடும். 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

நிறம் அடிக்கும் முன் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி பெயின்ட் பொடித்துளியாக வரும். வெந்நீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கார் தொடங்குவதற்கு முன்பே அமுக்கி, காரைத் தாண்டிய பிறகு விடுங்கள். முதல் கோட் பனி படிந்த மாதிரி மட்டும் விழட்டும். அடியில் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை. பதினைந்து இருபது நிமிடம் விட்டு இன்னொன்று. மூன்றாவது கோட்டைக் கொஞ்சம் ஈரமாக, பெயின்ட் தானாகப் பரவிச் சமமாகும் அளவுக்கு அடிக்கலாம். வழியத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடி கைக்குப் பழக, பழைய பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பாருங்கள். ஸ்பூனின் முதுகு பீட்டிலின் மட்கார்டு மாதிரியேதான் வளைந்திருக்கும்.

நான் இருப்பது சென்னையில். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே டப்பாவை எடுப்பதே இல்லை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது பெயின்ட் மேல் படிந்து வெள்ளையாகப் புகை பிடித்த மாதிரி மங்கிவிடும். கறுப்பு காரில் உடனே தெரியும். வெள்ளையில் பளபளப்பு மட்டும் காணாமல் போகும். நல்ல வெயில் நாளில் காலை பத்து மணிக்கு மேல் அடியுங்கள்.

அடித்து முடித்ததும் ஒரு பெரிய டப்பாவால் மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் தொடாதீர்கள். காய்ந்ததா என்று விரலால் பார்க்கக் கூடாது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள். பெயின்ட் வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

படி 3: காத்திருக்கும் வாரத்தில் உள்வேலை

அடித்தட்டுக்கு அரைப் பளபளப்புக் கறுப்பு. சீட்டுக்கும் முழுப் பளபளப்பு வேண்டாம். வினைல் சீட்டின் மினுக்கம் மங்கலானது. சிவப்பு அடித்துக் காய்ந்ததும், சீட்டின் மடிப்புகளில் நீர்க்கத் தளர்த்திய அடர்பழுப்பை ஓடவிட்டு மேலே துடைத்துவிட்டால், தையல் கோடுகள் எழுந்து நிற்கும். தரைக் கம்பளத்துக்கு உல்லன் நூலைப் பொடிப்பொடியாக நறுக்கி, வெள்ளைப் பசை தடவிய இடத்தில் தூவி விரலால் தட்டிவிடுங்கள். காய்ந்ததும் கவிழ்த்து உதறினால் ஒட்டாதது உதிர்ந்துவிடும்.

பச்சை மூடி சிமென்டைப் பாகத்தில் தடவி ஒட்டுவது தவறான பழக்கம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பில் பிரஷ் நுனியைத் தொட்டாலே போதும். திரவம் இடுக்கு வழியாகத் தானே ஓடி உள்ளே போகும். பிடித்திருக்கும் விரல் மட்டும் அந்த இணைப்பின் மேல் இருக்கக் கூடாது. விரலுக்கு அடியிலும் ஓடிவந்து ரேகையைப் பதித்துவிடும்.

டயர் இரண்டு நிமிட வேலை. தரையைத் தொடும் பகுதியை 400 தாளில் உருட்டித் தேய்த்தால் நடுவில் இருக்கும் அச்சுக்கோடு போய், ரோட்டில் ஓடிய ரப்பரின் மங்கல் வரும்.

படி 4: பாலிஷ்

வாடை நின்றதும் 2000 தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு சோப்பு சேர்த்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும் இடங்களில் மட்டும் தேய்க்கவும். விளிம்புகளில் பெயின்ட் மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை, முதலில் கரடு, அடுத்து நைசு. மென்மையான பருத்தித் துணியில் துளி எடுத்து வட்டமாக. அறை விளக்கின் வடிவம் கூரையில் நெளியாமல் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: குரோம் பட்டையும் கோடுகளும்

பீட்டிலின் இடுப்போடு ஓடும் குரோம் பட்டைதான் இந்தக் காருக்கு உயிர். வெள்ளி பெயின்டைத் தொட்டு இழுத்தால் அது சாம்பல் கோடாகத்தான் தெரியும். பேர் மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் உலோகத்தாள் இதற்கென்றே இருக்கிறது. பட்டையைவிட இரண்டு மடங்கு அகலமாக ஒரு துண்டு வெட்டி மேலே படரவிடுங்கள். பல் குச்சியின் நுனியைக் கொஞ்சம் மழுக்கி, நடுவிலிருந்து இருபுறமும் நீவுங்கள். தாள் பட்டையைக் கவ்விப் பிடித்து அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும் வரை நீவ வேண்டும். அப்புறம் புத்தம்புது பிளேடு. மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். பட்டையின் விளிம்பே வழிகாட்டி. பிளேடின் கனம் மட்டும் விழுந்தால் போதும், அடியில் இருக்கும் பெயின்டை வெட்டக் கூடாது. வேண்டாத பகுதியைச் சாமணத்தால் உரித்தால், உலோகம் உலோகமாகவே நிற்கும்.

கதவு இடுக்குகளுக்கு டமியாவின் பேனல் லைன் அக்சென்ட் கலர் என்ற நீர்த்த பெயின்ட். பலரும் கறுப்பை எடுக்கிறார்கள். வெள்ளைக் காரில் அது பேனாவால் வரைந்த கோடு மாதிரி ஆகிவிடும், சாம்பலை எடுங்கள். இது எனாமல் என்பதால், வழிந்ததை எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். டமியாவில் எக்ஸ்-20 என்பது எனாமல் தின்னர், எக்ஸ்-20ஏ என்பது அக்ரிலிக் தின்னர். லேபிளைப் படித்துவிட்டு மூடியைத் திறவுங்கள். பாடிக்கு அடித்த டிஎஸ் பெயின்ட் லேக்கர் வகை என்பதால், லேக்கர் தின்னரைத் தொட்டுவிட்டால் ஒரு வார உழைப்பும் பஞ்சோடு வந்துவிடும்.

படி 6: கண்ணாடி, விளக்கு, கடைசிப் பொருத்தம்

கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ போகவே கூடாது. என் இரண்டாவது காரில் முன்கண்ணாடியை அதில் ஒட்டினேன். மறுநாள் காலையில் உள்பக்கமெல்லாம் வெள்ளைப் படலம். பசையின் ஆவி படிந்து வருவது அது. பாடியோடு ஒட்டிவிட்டதால் உள்ளே துடைக்கவும் வழியில்லை. வெள்ளைப் பசை காய்ந்தால் நிறமில்லாமல் போகும், வழிந்தாலும் ஈரப் பஞ்சில் துடைக்கலாம்.

ஜன்னல்களைச் சுற்றியுள்ள ரப்பருக்கு முழுக் கறுப்பைவிட எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் பொருத்தம். பின்விளக்குக்குச் சிவப்பை வெளியில் பூசாமல் உள்பக்கம் பூசுங்கள். பின்னால் மிச்சமிருக்கும் ஃபாயிலை ஒட்டினால் வெளிச்சம் பட்டுத் திரும்பி, விளக்குக்கு ஆழம் வரும்.

பாடியை அடித்தட்டில் இறக்கியதும், காரை ஒரு கண்ணாடிப் பலகை மேல் வைத்து, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். காகிதம் தாராளமாக நுழைந்தால் அந்தச் சக்கரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள், நிஜத்தில் 12 மில்லிமீட்டர். அந்தச் சக்கரத்தின் அச்சுத்தண்டு இணைப்பில் சிமென்டைத் தொட்டு இளகவைத்து, காரை அதே பலகையில் சமமாக நிறுத்தி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மறுபடி காகிதத்தை நுழைத்துப் பாருங்கள்.