பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்கூலிங்: சட்டம் என்ன கேட்கிறது?

ஹோம்ஸ்கூலிங்குக்கு, அதாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பதற்கு, அமெரிக்கா முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. நாங்கள் நியூஜெர்சியில் இருந்தபோது யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்கு வந்தால் எல்லாமே எழுத்தில் வேண்டும். ஆகவே நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் தோழி சொல்வதைக் கேட்டு இங்கே முடிவெடுக்காதீர்கள். 1988ஆம் ஆண்டின் 169ஆம் எண் சட்டத்தை நீங்களே படியுங்கள்.

இங்கே 6 வயது முதல் 18 வயது வரை கல்வி கட்டாயம். வீட்டில் தொடங்கும் முன் உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் (பகுதிப் பள்ளி நிர்வாகத்தின்) தலைவரான சூப்பரின்டென்டென்டுக்கு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கொடுக்க வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆகஸ்ட் 1க்குள். கூடவே தடுப்பூசி விவரமும், என்ன கற்பிக்கப் போகிறோம் என்ற குறிப்பும் போக வேண்டும். அந்தக் குறிப்பைப் பாடவாரியாக ஓரிரு வரிகளில் முடித்துவிடுங்கள். அதை வைத்து உங்கள் மீது குறை சொல்லக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. கட்டாயப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் என்றும் உறுதி கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தமிழ் சொல்லித்தர எந்தத் தடையும் இல்லை.

ஆண்டுக்கு 180 நாள், அல்லது தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரம், உயர்நிலைக்கு 990.

பலர் விட்டுவிடுவது தீ பாதுகாப்பு. கணக்கு, அறிவியல் போல அதுவும் கட்டாயம், அதுவும் தொடர்ந்து நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாதாமாதம் மகள் ஸ்மோக் அலாரம் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதுவாள். அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடி போட வேண்டும் என்று சொன்னேன். அதையும் எழுதினாள். படித்த புத்தகங்களின் பெயர்களும் அதே நோட்டில்தான். போர்ட்ஃபோலியோவுக்கு (பிள்ளை படித்ததைக் காட்டும் தொகுப்புக்கு) வேண்டிய பதிவேடு இதுதான். அன்றன்றைக்கு எழுதுங்கள், மொத்தமாக உட்கார்ந்து எழுதுவது பதிவேடு ஆகாது.

3, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு உண்டு. அதைப் பெற்றோர் நடத்தக்கூடாது. ஆண்டு முடிவில் தகுதியுள்ள எவாலுவேட்டர் (மதிப்பீட்டாளர்) ஒருவர் பிள்ளையிடம் பேசி, போர்ட்ஃபோலியோவைப் பார்த்துச் சான்று தருவார். ஜூன் 30க்குள் அந்தச் சான்றை மட்டும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்பினால் போதும். 2014இல் திருத்தம் வந்தபின் போர்ட்ஃபோலியோவை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால், சட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். அப்புறம், எவாலுவேட்டரிடம் ஏப்ரலிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்.