காய்ச்சல் வலிப்பும் தாதுச்சத்துகளும்: ரத்தப் பரிசோதனையை எங்கே தவறாகப் படிக்கிறோம்?

காய்ச்சலில் வலிப்பு வந்து அடங்கியதுமே ‘சத்துக் குறைவாக இருக்கும்’ என்று துத்தநாக சிரப்பையும் கால்சியத்தையும் பெற்றோர் தாமாகவே வாங்கிக் கொடுக்கிறார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இந்த வலிப்பு வருகிறது. அவர்கள் ரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் காய்ச்சல் அடித்தாலே துத்தநாகம் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்விடும். அன்றைய அளவை மட்டும் வைத்துக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது.

இரும்பில் ஏமாற்றம் எதிர்த்திசையில். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் காய்ச்சலில் தானாக ஏறும். 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. தொற்று இருக்கும்போது அந்த எல்லை 30. காய்ச்சலோடு எடுத்த அறிக்கையில் 22 என்று இருந்தால் ‘நார்மல்’ என்று மடித்து வைக்கக் கூடாது. கூடவே, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதும் போதாது; இரும்பு இருப்பு காலியான பிறகுதான் அது இறங்கும். வலிப்போடு தொடர்புபடுத்தப்படும் சத்துகளில் தவறாமல் கவனிக்க வேண்டியது இரும்பு என்பேன்.

இரும்பு மருந்து கொடுக்கும்போது இன்னொரு குழப்பம். மருத்துவர் கணக்கிடுவது இரும்பின் எடை, உப்பின் (ஃபெரஸ் சல்பேட் போன்ற இரும்புச் சேர்மத்தின்) எடை அல்ல. கிலோவுக்கு 3 மி.கி. வீதம் 10 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி. இரும்பு, சாதாரண ஃபெரஸ் சல்பேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு என்பதால், அது 150 மி.கி. உப்பு. லேபிளில் இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாலோடு கொடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும். பாட்டில் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. அளவு மீறிய இரும்பு உயிருக்கே ஆபத்து.

வலிப்பு ஒரே முறை வந்து, 15 நிமிடத்துக்குள் நின்று, குழந்தை தெளிவாகிவிட்டால், காரணம் தேடி சோடியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் பார்க்கத் தேவையில்லை. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தை, வாந்தி பேதி, தெளியாத மயக்கம் என்றால் கதை வேறு: சர்க்கரை, சோடியம், கால்சியம் உடனே பார்க்க வேண்டும். பால்பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கலக்கினால் சோடியம் இறங்கியே வலிப்பு வரலாம். காய்ச்சல் மருந்து அதற்கு உதவாது.

வலிப்பின்போது சிரப், தண்ணீர் எதையும் வாயில் விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.