ஃபோல்டர் நிறைய தமிழ்க் கோப்புகள்: பைத்தானில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கோப்பைத் திறந்து படிக்கிற நிரலில் பெரிதாகத் தவறு நேராது. அதையே லூப்புக்குள் போட்டு, பல வருடங்களாகச் சேர்ந்த கதைகளும் கட்டுரைகளும் கிடக்கிற ஃபோல்டர் முழுவதிலும் சொற்களை எண்ண ஓட்டும்போதுதான் சிக்கல் தொடங்கும். பிழை காட்டி நின்றுவிடுகிற நிரலால் பெரிய கேடு இல்லை. ஒன்றுமே சொல்லாமல் ஓடி முடித்து, தவறான சொல் எண்ணிக்கையைக் கையில் தருகிற நிரலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முதல் தவறு, எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகள் எந்த முறையில் எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பதை, சொல்லாமல் கோப்பைத் திறப்பது. பைத்தான் 3.14 வரை, நீங்கள் சொல்லாவிட்டால் அது கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவுசெய்துகொள்ளும். லினக்ஸில் பெரும்பாலும் யூடிஎஃப்-8 வரும்; தமிழ் உட்பட பல மொழிகளின் எழுத்துகளும் உள்ள யூனிகோடின் குறியாக்கம் அது. விண்டோஸில் பல இடங்களில், ஆங்கிலம் போன்ற மேற்கத்திய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 வரும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிக்கு மூன்றாவது பைட் 141. விண்டோஸ்-1252இல் அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. அதனால் 'அம்மா' என்று வந்தாலே நிரல் நின்றுவிடும். நின்றால் நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது. திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் பலர் அந்தப் பிழையைப் பார்த்ததும், புரியாத பைட்டுகளை விட்டுவிடு என்கிற 'இக்னோர்' தேர்வைப் போட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் பல திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கின்றன. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் பலவும்கூட திஸ்கியில் வெளிவந்து பிறகு யூனிகோடுக்கு மாறியவைதான். அப்படியொரு கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லி, இக்னோரும் போட்டுப் படித்தால் தமிழ் கிட்டத்தட்ட முழுவதும் காணாமல் போய், இடைவெளியும் நிறுத்தற்குறியும்தான் மிஞ்சும். பைத்தானோடு வருகிற குறியாக்கங்களில் திஸ்கி இல்லை. லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு அது தெரியும், முதலில் அதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாமினி இன்னும் மோசம். அது ஆங்கில விசைப்பலகை எழுத்துகளையே தமிழாகக் காட்டுகிற எழுத்துரு. அதனால் எந்தப் பிழையும் வராது, பட்டியலில் ஆங்கிலக் குப்பை மட்டும் சேரும். படித்த ஒவ்வொரு கோப்பிலும் யூனிகோடு தமிழ் எழுத்துகள் எத்தனை விழுக்காடு என்று சோதித்து, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அதன் பெயரை அச்சிட வையுங்கள். இரண்டு வரி வேலைதான்.

எல்லாம் யூடிஎஃப்-8 ஆன பிறகும் இரண்டு விஷயங்கள் பாக்கி. பழைய நோட்பேட் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துவிடும். அது முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் சொல்லை வேறு சொல்லாக எண்ண வைக்கும். 'யூடிஎஃப்-8-சிக்' என்று திறந்தால் குறி நீங்கிவிடும். அப்புறம், 'கொ'வில் உள்ள துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, நிரலுக்கு இரண்டும் வேறு. எண்ணுவதற்கு முன், இரண்டையும் ஒரே குறியாக்கித் தருகிற என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கோப்புகள் வரும் வரிசையையும் நம்பாதீர்கள். ஃபோல்டரைப் பட்டியலிடும் 'லிஸ்ட்டிர்' எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தருவதில்லை. அகரவரிசைப்படுத்தினாலும் 'அத்தியாயம்10', 'அத்தியாயம்2'க்கு முன்னால் வந்து நிற்கும். 002, 010 என்று பெயர் வைத்தால் சரி. லிஸ்ட்டிர் தருவது வெறும் பெயர் என்பதால், ஃபோல்டரின் பாதையைச் சேர்த்துத்தான் திறக்க வேண்டும்.

திறந்த கோப்புகளை மூடாமல் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் இயங்குதளம் தடுத்துவிடும். லினக்ஸில் வழக்கமான எல்லை 1024, மேக்கில் 256. பைத்தானின் 'வித்' போட்டுத் திறந்தால், வேலை முடிந்ததும் கோப்பு தானாக மூடப்படும், இந்தக் கவலை இல்லை.

விடையை அதே ஃபோல்டரில் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பதும் அடிக்கடி நடக்கிறது. அடுத்த முறை ஓட்டும்போது நிரல் தன் விடையையே இன்னொரு கட்டுரையாக நினைத்துப் படிக்கும், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். விடைக்கு வேறு ஃபோல்டர் வையுங்கள். கிடைத்த கோப்புகள் எத்தனை, படித்தவை எத்தனை, படிக்க முடியாதவற்றின் பெயர்கள் என்ன என்பதையும் ஒவ்வொரு முறையும் அதிலேயே எழுத வையுங்கள்.