டி.வி. (குடும்ப வன்முறை) கேஸ் மனுவில் ஜூனியர் வக்கீல்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் தம்பி தன் மனுவைக் காட்டினார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, பிரிவு 12. அவருடைய கட்சிக்காரருக்கு ஒரே பெண் குழந்தை. மனுவிலோ மூன்று பிள்ளைகள். எனக்குச் சுருக்கென்றது. நானும் இதே வேலையைச் செய்தவள்தான். பக்க எண், எழுத்துப்பிழை எல்லாம் இங்கே வேண்டாம். அதைக் கோர்ட் ஆபீஸே திருப்பிக் கொடுத்துச் சொல்லித்தரும்.

வெட்டி ஒட்டும் மனு

"உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாக்கினார்." இந்த வரி இல்லாத மனுவைப் பார்ப்பதே அரிது. எப்போது அடித்தார், எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள்? ஒன்றும் இருக்காது.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், சீனியரின் பழைய கேஸ் கட்டிலிருந்து ஒரு மனுவை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். 'வரதட்சணையாகக் கார் கேட்டார்' என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்ததே அதைத்தான். "கார் கேட்டாராம்மா?" அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்கய்யா, அவருக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது." கோர்ட்டில் சிரிப்பு. அப்புறம் அவர் வாங்கிய அடியும் கதையாகவே போய்விட்டது. மனு தள்ளுபடி.

'தேதி ஞாபகமில்லைன்னு சொல்றாங்க மேடம்' என்பார்கள். தேதியைக் கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். "பெரியவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு, வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தோம்" என்பார். பள்ளி வருகைப் பதிவேட்டில் தேதி கிடைக்கும். வளையலைக் கழற்றி வாங்கி அடகு வைத்தாரா? அடகுச் சீட்டில் தேதி இருக்கும். பிரிவு 3 சொல்லும் பொருளாதார வன்முறைக்கும் அதுவே ஆவணம். தையல் போட்டிருந்தால் ஜி.எச். ஓ.பி. சீட்டு. இதற்கு ஒரு மதியம் முழுக்க உட்கார வேண்டும், இரண்டு டீ சொல்ல வேண்டும். அந்தச் சோம்பல்தான், வேறென்ன!

வீடு மாமியார் பெயரில் என்று விட்டுவிடுவது

மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்ற 2006 பத்ரா தீர்ப்பை வைத்துக்கொண்டு இன்னும் பேசுகிறார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றமே அது சரியல்ல என்றுவிட்டது. விருந்தாளியாக நாலு நாள் தங்கியது கணக்கில் வராது. குடித்தனம் நடத்திய வீடென்றால், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், பிரிவு 19-இல் குடியிருப்பு உத்தரவு கேளுங்கள்.

இடைக்கால மனு போடாதது

60 நாளில் முடிக்க முயலச் சொல்கிறது சட்டம். முடிவதில்லை. பிரிவு 23 மனுவையும் கூடவே போடுங்கள்.

இன்னும் 498ஏ

கணவர் வீட்டுக் கொடுமைக்குப் பழைய ஐ.பி.சி.யின் 498ஏ பிரிவையே இன்னும் எழுதுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 85.

எந்த ஊர் கோர்ட்?

பாதிக்கப்பட்ட பெண் இப்போது எங்கே தங்கியிருக்கிறாரோ அந்த ஊரிலேயே போடலாம், தற்காலிகமாக இருந்தாலும் சரி. பிரிவு 27. வாய்தாவுக்கு வாய்தா அவரைப் புருஷன் ஊருக்குப் பஸ் ஏற வைக்காதீர்கள்.