என்.பி.எஸ்.ஸில் (தேசிய பென்ஷன் திட்டத்தில்) டிவிடெண்ட் எங்கே போகிறது?

கொழிஞ்சாம்பாறை டீக்கடை பெஞ்சில் மாமா பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "என்.பி.எஸ்.ஸில் பாதிப் பணம் ஷேரில்தானே கிடக்கு, ஒரு டிவிடெண்ட்கூட வரலையே மாப்ளே?"

வராது. கம்பெனிகள் தங்கள் லாபத்தில் பங்காகத் தரும் டிவிடெண்டை, நம் பணத்தை நிர்வகிக்கும் பென்ஷன் ஃபண்டுதான் வாங்கும். அது என்.ஏ.வி.யில், அதாவது நம் கணக்கில் உள்ள ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பிலும், சேர்ந்துவிடும். யூனிட் எண்ணிக்கை கூடாது, மதிப்புதான் கூடும். அந்த வருடம் நமக்கு அதற்கு வரியும் கிடையாது, ரிட்டர்னில் காட்டவும் வேண்டாம்.

சொந்த டீமேட்டில் (ஷேர் வைக்கும் கணக்கில்) இருக்கும் ஷேர் கதை வேறு. டிவிடெண்ட் நேராக வங்கிக்கு வரும். 2020 ஏப்ரலிலிருந்து அதை நம் வருமானத்தோடு சேர்த்து ஸ்லாப்படி வரி போடுகிறார்கள். ஒரே கம்பெனி வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10% வரியை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடித்துவிட்டுத்தான் அனுப்பும். பான் கொடுக்காதவருக்கு 20%, அது வீண் தண்டம்.

அப்புறம், பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள் ஒன்றைப் பாருங்கள். டீமேட்டில் பழைய எஸ்.பி.டி. (ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர்) ஐ.எஃப்.எஸ்.சி. கோடே கிடக்கிறதா? அந்த வங்கி 2017-இல் எஸ்.பி.ஐ.யோடு சேர்ந்தாயிற்று. டிவிடெண்ட் வந்து சேராமல் போகலாம், உடனே மாற்றிவிடுங்கள். தொடர்ந்து 7 வருடம் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் அதுவும் போய், ஷேரும் ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்குப் போய்விடும். மீட்கலாம்தான், ஆனால் அலைச்சல்.